கடைசி வரியைத் தேடி ஆறு நாள்

அக்டோபர் 9, எடிசன், நியூ ஜெர்சி

மகள் மூன்று நாள் லீவு போட்டு, வாரக் கடைசியையும் சேர்த்து வைத்துக்கொண்டு, "எங்கேம்மா போலாம்? நயாகரா?" என்றாள். "பால்டிமோர்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பால்டிமோருக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை போலிருக்கிறது.

எங்களுக்கு மதுரையில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரம் ஒன்று, ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் கேஸ் நாலைந்து. அப்பா வெளியே ஆர்டர் பிடிப்பார். உள்ளே, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் என்ற சின்னத் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கோப்பது அம்மா. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவள் கையால் ஆனவை. ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரு வரியில் இருக்கும். அந்த வரியையும் அம்மாதான் கோப்பாள்.

போன வருஷம் எதையோ தேடப்போய், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஒரு பழைய அச்சுத் தாளைத் திரையில் பார்த்தேன். கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு வெளிவந்த முதல் பதிப்பு அது. அதன் கடைசி வரியில், அதை அச்சிட்ட பால்டிமோர்ப் பெண்ணின் முழுப் பெயர் இருந்தது: மேரி கேத்தரின் காடர்ட். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

பையில் தயிர் சாதம், புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில். "ஊறுகாய் வேண்டாம்மா, கொட்டும்" என்றாள். கொட்டாது என்றேன்.

அக்டோபர் 10, பிலடெல்பியா

காற்று காதைக் குடைந்தது. வெயில் இருக்கிறது, சூடு இல்லை. ரெடிங் டெர்மினல் மார்க்கெட்டில் வெள்ளைத் தொப்பி போட்ட ஆமிஷ் பெண்கள் (பழைய பாணி வாழ்க்கையை விடாத கிறிஸ்தவப் பிரிவினர்) மாவை நீட்டி, முறுக்கி, சுடச்சுட வெண்ணெயில் முக்கித் தருகிறார்கள். ஐந்து டாலருக்குள் ஒரு பிரெட்சல். பார்வைக்குத்தான் முறுக்கு மாதிரி, கடித்தால் பன். கொடுத்த பெண் என் புடவையைப் பார்த்து, அதில் எத்தனை கஜம் துணி என்று கேட்டாள். ஆறு என்றதும் பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மார்க்கெட் தெருவில், அச்சுத் தொழிலிலிருந்து நாட்டின் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் வீடு இருந்த வளாகத்தில் பழைய பாணி அச்சுக்கூடம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். சீருடை போட்ட பூங்காத் துறை ஊழியர் ஒருவர் மர அச்சு இயந்திரத்தில் தாளை வைத்து, கம்பியைப் பிடித்து இழுத்து, ஈரத் தாளைக் கொடியில் மாட்டினார். துணி காயப்போடுவது போல மேலே வரிசையாகத் தாள்கள். மையின் வாசம் வந்தது. எங்கள் கடை மை வாசம் இல்லை, ஆனாலும் சொந்தக்கார வாசம்.

கூட்டம் கலைந்ததும் பிராங்க்ளின் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்டேன். அந்த மனிதர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்துவிட்டார். மனைவி டெபோரா துண்டுப் பிரசுரங்களை மடித்தார், தைத்தார், கடையைப் பார்த்துக்கொண்டார், காகிதம் செய்பவர்களுக்காகக் கந்தல் லினன் துணி வாங்கிச் சேர்த்தார். இதை பிராங்க்ளினே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அண்ணி ஆன் பிராங்க்ளின் கதை இன்னும் பெரிது. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் 1735இல் புருஷன் ஜேம்ஸ் இறந்ததும் அச்சகத்தை எடுத்து நடத்தி, அந்தக் காலனியின் அரசாங்க அச்சுவேலை வரை செய்தவர். பெண்பிள்ளைகள் எழுத்துக் கோத்தார்கள். 1758இல் மகன் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1762இல் அவரும் இறந்துபோக, கிழவி மறுபடி கேஸ் முன்னால் போய் நின்றார். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

எனக்குப் பிடித்தது எலிசபெத் டிமொதி. தெற்கே சார்ல்ஸ்டனில் பிராங்க்ளினின் கூட்டாளியாக அச்சகம் நடத்திய லூயிஸ் டிமொதியின் மனைவி. லூயிஸ் ஒழுங்காகக் கணக்கு அனுப்பியதே இல்லை என்று பிராங்க்ளின் குறைப்படுகிறார். 1738 கடைசியில் லூயிஸ் இறந்தபின் அந்த அம்மா மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கைச் சுத்தமாக அனுப்பிவைத்தார். ஹாலந்தில் பிறந்தவர், அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருவார்களாம். கடைசியில் அச்சகத்தையே விலைக்கு வாங்கி மகனிடம் கொடுத்தார். ஆனால் பத்திரிகையில் அச்சிட்டவர் என்று போட்டது அந்த மகனின் பெயரை, அவன் சின்னப் பையனாக இருந்தபோதே. இதைக் கேட்டதும் நான் சிரித்தது அந்த ஊழியருக்குப் புரியவில்லை.

கிறைஸ்ட் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்குள் மூடிவிட்டார்கள். கம்பி வேலி வழியாகப் பார்த்தால் பிராங்க்ளின் கல் தெரிகிறது. பெஞ்சமின், டெபோரா இருவருக்கும் ஒரே கல். மேலே சில்லறைக் காசுகள். எறிந்தால் அதிர்ஷ்டமாம். மகள் ஒரு சென்ட் எறிந்தாள். "டெபோரா பக்கம் போடுடி" என்றேன். குறி தப்பிப் புல்லில் விழுந்தது.

இரவு விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. போனில் சொன்னேன், "இதோ" என்றார்கள். அந்த "இதோ" விடியும்வரை வரவில்லை. ஸ்வெட்டரோடு படுத்துக்கொண்டு ஜேன் எய்ட்கன் பற்றிப் படித்தேன். இதே ஊர்தான். அப்பா 1802இல் இறந்தபோது அச்சகமும் கடனும் சேர்ந்தே அவர் கைக்கு வந்தன. 1808இல் நாலு தொகுதியாக ஒரு பைபிளை அச்சிட்டார். கிரேக்கப் பழைய ஏற்பாட்டை முதன்முதலாக ஆங்கிலத்தில் பெயர்த்த பதிப்பு அது. அந்நாட்டில் பைபிள் அச்சிட்ட முதல் பெண்ணும் அவரே. பெயர் கிடைத்தது, கடன் தீரவில்லை. 1813இல் சாமான்கள் விற்பனைக்குப் போயின. அச்சகச் சாமான் விற்பனைக்குப் போகும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஈய எழுத்துகளைக் கிலோக் கணக்கில் எடைபோட்டுத்தான் வாங்கிப்போனார்கள்.

அக்டோபர் 11, பால்டிமோர்

காலையில் மழை. நூறு மைல் வண்டி ஓட்டி வந்ததில் மகளுக்கு முதுகுவலி. குடையை விடுதியிலேயே விட்டுவிட்டோம்; புதுக்குடை 14 டாலர். வாங்கிய ஒரு மணி நேரத்தில் துறைமுகக் காற்று அதைக் குப்புறக் கவிழ்த்தது.

மேரி கேத்தரின் காடர்டின் அச்சகம் அன்றைய மார்க்கெட் தெருவில் இருந்தது. இன்று அதற்கு பால்டிமோர் தெரு என்று பெயர். வங்கிக் கட்டடங்கள், பார்க்கிங், ஒரு சாண்ட்விச் கடை. அச்சகத்தின் அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு கட்டட வாசலில் மழைக்கு ஒதுங்கினோம். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார். என்ன தேடுகிறீர்கள் என்றார். சொன்னேன். "1777இல் இங்கே இருந்தவங்களா? நான் பார்த்ததில்லையே" என்று முகம் மாறாமல் சொன்னார். பிறகு அவரே போனை வாங்கி அந்தத் தாளின் படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான். 1776 ஜூலையில் பிரகடனம் முதலில் அச்சானபோது அதில் காங்கிரஸ் என்ற காலனிப் பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஹான்காக், செயலாளர் தாம்சன் இரண்டு பேரின் பெயர் மட்டும். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டது அதற்கப்புறம்; யார் யார் என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் ராஜத்துரோகம், கழுத்துக்குக் கயிறு. டிசம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்க, காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பால்டிமோருக்கு ஓடிவந்தது. 1777 ஜனவரி 18 அன்று, பெயர்களோடு சேர்த்து அச்சிட்டு மாநிலங்களுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். வேலை உள்ளூர் அச்சகத்துக்கு வந்தது. மேரிக்கு அப்போது 38 வயது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி வில்லியம் தொடங்கிய பத்திரிகையை உண்மையில் நடத்தியவர். அந்தப் பத்திரிகையில் 1775 மே முதல் 'எம். கே. காடர்ட்' என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்று வெளியூர்க்காரனுக்குத் தெரிய வழியில்லை. இந்தத் தாளில் மட்டும் முழுசாக, 'பால்டிமோர், மேரிலாந்து: மேரி கேத்தரின் காடர்டால் அச்சிடப்பட்டது' என்று.

கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் பெயர் வெளியே வரப் பயந்திருந்த தாளில், அச்சடித்தவர் தானாகத் தன் பெயரைக் கோத்துவிட்டார். ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தியிருப்பார் அல்லது பக்கத்தில் நின்று கோக்கச் சொல்லியிருப்பார். நிறுத்த நினைத்திருந்தால் முதலெழுத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அச்சகத்தோடு தபால் நிலையமும் அவர் பொறுப்பு, 1775 முதல் 14 வருஷம். போர்க்காலத்தில் தபால் சவாரிக்காரர்களுக்குத் தன் கைக்காசிலிருந்து கூலி கொடுத்தார். 1784இல் தம்பிக்கும் அவருக்கும் முறிந்து, பத்திரிகையிலிருந்து அவர் பெயர் போயிற்று. 1789இல் புது அரசு வந்ததும் தபால் வேலையும் போயிற்று. அந்தப் பதவிக்கு இனி நிறையப் பயணம் செய்யவேண்டி வரும், பெண்ணால் ஆகாது என்று காரணம். ஊர்க்காரர்கள் 200 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதினார். தலையிட முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தார். 1816இல் காலமானார். உயிலில் பெலிண்டா என்ற அடிமைப் பெண்ணை விடுவித்து, உடைமைகளை அவருக்கே எழுதிவைத்தார்.

கடைசிச் செய்தியைப் படித்தபோது மகள், "அப்போ அதுவரைக்கும் அடிமையா வச்சிருந்தாங்களா?" என்றாள். ஆமாம். எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியை அச்சடித்த வீட்டில்தான். நான் பதில் சொல்லவில்லை.

மதியம் நண்டு. அரை டஜன் 45 டாலர். மேசை முழுக்கப் பழுப்புக் காகிதம் விரித்து, நண்டை அப்படியே கொட்டி, கையில் ஒரு மரச் சுத்தியலைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மேலே செம்மண் மாதிரி ஓல்ட் பே மசாலா. பக்கத்து மேசைத் தாத்தா, நான் தப்பான இடத்தில் அடிப்பதைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, வயிற்றுப்பக்கத் தகட்டை நெம்பித் திறக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் சின்ன வயதில் பழைய செய்தித்தாளைத்தான் விரிப்பார்களாம். நண்டு அருமை. கொஞ்சம் மிளகு, சின்ன வெங்காயம் இருந்திருந்தால் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அக்டோபர் 12, அன்னாபோலிஸ்

அரை மணி சொச்சம்தான் தூரம். மழை விட்டிருந்தது. செங்கல் பாவிய தெருக்கள், துறைமுகத்தில் பாய்மரப் படகுகள், சனிக்கிழமைக் கூட்டம். காபி ஆறு டாலர். நான் ஒரு வாய் குடித்துவிட்டு மகளிடம் தள்ளினேன்.

சார்ல்ஸ் தெருவில் ஜோனாஸ் கிரீன் வீடு இன்னும் நிற்கிறது. தாழ்ந்த கூரை, தெருவை ஒட்டின வாசல். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இங்கேதான் அன்னா கேத்தரின் கிரீன் 14 பிள்ளைகளைப் பெற்றார், ஆறு பிள்ளைகள்தான் பிழைத்து வளர்ந்தன. 1767 ஏப்ரலில் புருஷன் ஜோனாஸ் கடனோடு செத்தார். 'மேரிலாந்து கெஜட்' ஒரு வாரம்கூட நிற்காமல் வந்தது. சட்டமன்றம் அரசாங்க அச்சு வேலையை அவருக்கே கொடுத்தது, புருஷனுக்குக் கொடுத்த அதே சம்பளத்தில். சட்டமன்றம் கூடும் வருஷத்துக்கு 48,000 பவுண்டு எடைப் புகையிலை! காசுத் தட்டுப்பாடான காலம், புகையிலைதான் பணம். 1769இல் சார்ல்ஸ் வில்சன் பீல் வரைந்த அவருடைய ஓவியம் வாஷிங்டனில் இருக்கிறது. மகளின் போனில் பார்த்தோம். வெள்ளைத் தொப்பி, களைத்த கண், கையில் ஒரு அச்சுத் தாள். அந்த முகத்தில் எனக்கு அம்மாவின் சாயல் தெரிந்தது. மகள் "சும்மா இரும்மா" என்றாள்.

இந்த ஊரில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. டைனா நட்ஹெட். 1696இல் அச்சகம் நடத்த உரிமம் வாங்கினார். பத்திரம், சம்மன் போன்ற வெற்றுப் படிவங்கள் மட்டும் அச்சடிக்கலாம் என்ற நிபந்தனையோடு. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் போட்டிருக்கிறார். எழுதத் தெரியாத ஒருத்தி அச்சகம் நடத்துவதா என்று மகளுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. எங்கள் கடையில் எழுத்துப் பிரித்துப் போட வந்த பாட்டிக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது. 'ணை' எந்த அறை என்று இருட்டில் கேட்டாலும் கை போகும்.

துறைமுக ஓரத்தில் 'ரூட்ஸ்' நாவலை எழுதிய அலெக்ஸ் ஹேலியின் வெண்கலச் சிலை, மூன்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மூதாதையரை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்ததாக அவர் சொன்ன 'லார்ட் லிகோனியர்' கப்பல் 1767 செப்டம்பர் 29 அன்று இங்கே கரை சேர்ந்தது. அடிமைகள் விற்பனை விளம்பரம் அக்டோபர் 1 'மேரிலாந்து கெஜட்'டில் வந்தது. தேதியைப் பாருங்கள். ஜோனாஸ் இறந்து ஆறு மாதம். அந்த விளம்பரத்தை அச்சிட்டது அன்னா கேத்தரின். அவருடைய வீட்டுக்கும் இந்தச் சிலைக்கும் நடந்தால் கொஞ்ச தூரம்தான். காலையில் அந்த வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டபோது இது என் நினைவில் இல்லை. மாலையில் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட மனம் வரவில்லை.

புளியோதரை இன்றோடு காலி.

அக்டோபர் 13, வில்லியம்ஸ்பர்க்

மூன்று மணி நேரம் என்றது மேப்; ஐந்தேகால் ஆயிற்று. நெடுஞ்சாலையில் எங்கோ விபத்து. தெற்கே வந்ததும் காற்றில் புழுக்கம், ஸ்வெட்டர் சுமையாகிவிட்டது.

ஊரையே 18ஆம் நூற்றாண்டாக வைத்திருக்கிறார்கள். தெருவில் சும்மா நடக்கலாம். உள்ளே போய்ப் பார்க்க ஆளுக்கு 50 டாலரை ஒட்டி டிக்கெட். டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவில் லட்வெல்-பாரடைஸ் வீடு. செங்கல் வீடு, அழகு. கிளெமென்டினா ரிண்டின் அச்சகம் இங்கே இயங்கியது. 1773 ஆகஸ்டில் புருஷன் இறந்ததும் 'வர்ஜீனியா கெஜட்'டைக் கையில் எடுத்தார். எல்லாத் தரப்புக்கும் திறந்தது, எவர் வசமும் இல்லாதது என்பது அதன் முகப்பு வாசகம். காலனியின் சட்டமன்றம் அரசாங்க அச்சு வேலையையும் அவரிடமே விட்டது.

1774இல், பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், பிரிட்டிஷ் ராஜாவுக்கு எதிராகக் காலனிகளின் உரிமைகளை எழுதினார். இங்கே நடந்த காலனி மாநாட்டுக்கு வரும் வழியில் வயிற்றுப்போக்கு வந்து அவர் திரும்பிவிட, கட்டுரை மட்டும் வந்தது. நண்பர்கள் அதைப் பிரசுரமாகப் போட்டார்கள். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. 'இம்மண்ணின் மைந்தர், சட்டமன்ற உறுப்பினர்' என்று பொத்தாம்பொதுவாக. அடியில் மட்டும் தெளிவாக: 'வில்லியம்ஸ்பர்க், கிளெமென்டினா ரிண்ட் அச்சிட்டது'. பிரிட்டிஷ்காரன் தேடி வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான்? அதே வருஷம் செப்டம்பரில் அவர் நோயில் இறந்துபோனார். பத்திரிகை அவர் கையில் இருந்தது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்.

அச்சுக்கூடம் தெருவிலிருந்து படி இறங்கிப் பின்னால். முழங்கால் வரை கால்சட்டை போட்ட இளைஞர் ஒருவர் தோல் உருண்டை இரண்டில் மையைத் தேய்த்து, எழுத்தின் மேல் டப் டப்பென்று ஒற்றினார். ரோலர் வராத காலம். ராத்திரியில் அந்தத் தோலை மூத்திரத்தில் ஊறப்போட்டு மெதுவாக்குவார்களாம். முன் வரிசைக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு பேர் சேர்ந்து உழைத்தால் மணிக்கு 200 தாளுக்கு மேல், ஒரு பக்கம் மட்டும்.

பிறகு ஸ்டிக்கில் ஒரு வரி கோத்துக் கொண்டுவந்து, யாருக்காவது படிக்க முடிகிறதா என்று நீட்டினார். எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். எழுத்து தலைகீழாக இருக்கும், ஆனால் இடமிருந்து வலமாகவே போகும். பழகினால் கண்ணாடி வேண்டாம். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹோட்டல் பில் புக்கின் ஆங்கில வரிகளை இப்படித்தான் படித்துக் காட்டியிருக்கிறேன், அவளுக்கு ஆங்கிலம் வராது என்பதால். நான் பின்னாலிருந்து சத்தமாகப் படித்தேன். அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்து, "அம்மணி இந்தத் தொழிலா?" என்றான். "எங்கம்மா" என்றேன். உடனே கேஸைக் கிட்டே இழுத்துக் காட்டினான். தமிழில் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி அறை என்றதும், "ஐயையோ" என்பதற்கு அவன் ஊர்ச் சொல் எதையோ சொன்னான். இந்த வாய்ப்பை விட்டுவிடக் கூடாதென்று ஒரு எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி கறுத்தது. சாப்பிடப் போகும்வரை கழுவவில்லை.

சாப்பாடு: வேர்க்கடலை சூப். இந்தப் பக்கத்து விசேஷமாம். சட்னியைப் பாலில் கரைத்துச் சுடவைத்த மாதிரி இருக்கிறது. மகள் இரண்டாவது கிண்ணம் வாங்கினாள்.

கடையில் அந்த இயந்திரத்தில் அடித்த தாள் ஒன்று வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

அக்டோபர் 14, மறுபடி எடிசன்

ஒன்பது மணி நேரம் வண்டியில். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தித் தயிர் சாதம் மாதிரி எதையாவது சாப்பிடலாமென்று கடையில் ஒரு கப் தயிர், ஒரு பெட்டிச் சோறு வாங்கிப் பிசைந்தோம். ஊறுகாய் பாட்டிலுக்காகப் பையைத் திறந்தேன்.

மூடி கழன்றிருந்தது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மோசம். தாளைப் பிரித்துப் பார்த்தோம். வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய், ஓரமாக ஒரு கடுகு. எழுத்துகளுக்குச் சேதமில்லை, கடைசி வரியும் தப்பித்தது.

வீட்டுக்கு வந்ததும், கடையில் பத்திரிகைக் கட்டில் மெஷின் எண்ணெய் பட்டால் அம்மா செய்வதைச் செய்தேன். அடியில் பழைய பேப்பர், கறையின் மேல் முகப் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, மேலே இன்னொரு பேப்பர், அதன் மேல் கனமாக ஏதாவது. கனத்துக்கு மகளின் லேப்டாப்தான் கிடைத்தது. ராத்திரி முழுக்க இருக்க வேண்டும், நடுவில் தொடக்கூடாது. காலையில் எட்டு மணிக்கு அவளுக்கு மீட்டிங் இருக்கிறதாம். ஏழரைக்கு எழுந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.